வலைக்கு ஈயம் உருக்குறது சோறு பொங்குற அடுப்புல, தங்கச்சி மாசமா இருக்கா, ஆபத்தா?

மண்டபம்_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சிய தேவிபட்டினம் பக்கம் ஒரு கடலோர ஊர்ல கட்டிக் குடுத்திருக்கு, இப்ப அஞ்சு மாசம், மூத்தவனுக்கு ரெண்டு வயசு. அவ மாமனார் வீச்சு வலைக்கு ஈயக்குண்டு கடைல வாங்க மாட்டாரு, பழைய பேட்டரிய உடைச்சு அந்த ஈயத்தையும் கிழிஞ்ச வலைல கழட்டின குண்டையும் சேத்து அவரே உருக்கி ஊத்துவாரு, அதுவும் பின்கட்டுல சோறு பொங்குற அதே விறகு அடுப்புல. பையன் அந்தக் குண்ட எடுத்து விளையாடுறான், வாய்லயும் வச்சிக்கிறான். தங்கச்சிக்கு ரத்தம் கம்மி, ஹீமோகுளோபின் 8.9னு நர்ஸம்மா எழுதிருக்காங்க. எனக்குப் பெரிய பயம் என்னன்னா அவ மசக்கைல அந்த அடுப்புச் சாம்பலையே எடுத்துத் திங்குறா, எங்கம்மா "மாசமா இருந்தா அப்புடித்தான்"னு விட்டுட்டாங்க. மாமனார்கிட்ட மெதுவா சொல்லிப் பாத்தேன், "எங்கப்பா காலத்துலேருந்து உருக்குறோம், யாருக்கு என்ன ஆச்சு"ங்கிறாரு. இதுக்கு டெஸ்ட் ஏதாச்சும் இருக்கா, வயித்துப் பிள்ளைக்கு ஏதும் ஆகுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ராம்நாடு_நர்ஸ்:
அக்கா, மொத வேலையா சாம்பல் திங்குறத இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. ஈயம் 327 டிகிரில உருகிரும், விறகு அடுப்பு சூடே தாராளம். உருகுனதும் மேல ஏடு மாதிரி ஒண்ணு படியும்ல, கரண்டியால ஒதுக்கி அடுப்புலயே தள்ளுவாங்க, அது அம்புட்டும் ஈயத்தூள், அதுதான் சாம்பலோட கலந்து கிடக்கு. பேட்டரித் தகட்டுல ஒட்டிருக்குற பசை அதவிட மோசம், உடைக்கும்போதே தூளா பறந்து தரைல, துணில, கைல ஒட்டிக்கிடும். புகை மட்டும்தான் ஆபத்துன்னு நெனைக்காதீங்க, கை வழியா வாய்க்குப் போறதுதான் பிள்ளைகளுக்கு ரொம்ப. பெரியவங்க உடம்பு முழுங்குன ஈயத்துல பத்துல ஒரு பங்கு போல எடுத்துக்கும்னா சின்னப் பிள்ளை உடம்பு பாதி வரைக்கும் இழுத்துக்கும்.

உங்க தங்கச்சிக்கு ரத்தம் கம்மியா இருக்குறது இதுல தனியா ஒரு சிக்கல். இரும்புச்சத்து குறைஞ்சா மண்ணு, சாம்பல் திங்கணும்னு தோணும், அதே இரும்புச்சத்து குறைஞ்ச குடல் ஈயத்தையும் கூடுதலா உறிஞ்சும், அப்ப ரெண்டும் ஒண்ண ஒண்ணு தள்ளிவிடுது. ஈயம் நச்சுக்கொடியத் தாண்டி பிள்ளைக்குப் போகும். கருக்கலைவு, குறைமாசப் பிரசவம், எடை கம்மியான பிள்ளை, பின்னாடி படிப்புல கவனம் நிக்காம போறது எல்லாம் இதோட சேத்துப் பாத்திருக்காங்க. இம்புட்டு வரைக்கும் பரவால்லைனு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. "யாருக்கு என்ன ஆச்சு"ங்கிறாருல்ல, இது பெரும்பாலும் வெளிய தெரியாது, வயித்துவலி மலச்சிக்கல் சோர்வுன்னு வந்தா யாரு ஈயத்த நெனைப்பா? 2020ல யுனிசெஃப் சொன்ன கணக்குல இந்தியால மட்டும் சுமார் 27.5 கோடி பிள்ளைங்க ரத்தத்துல டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதுக்கு மேலயும் ஈயம் இருக்குன்னு வந்துச்சு.

டெஸ்ட் இருக்கு, பிளட் லெட் லெவல்னு கேளுங்க, ரத்தத்துல ஈயம் எம்புட்டு இருக்குன்னு பாக்குறது, கையில குத்தி எடுக்குற சாதாரண ரத்தம்தான், பெரிய தனியார் லேப்ல எடுத்து வெளியூருக்கு அனுப்புவாங்க. தங்கச்சிக்கும் பையனுக்கும் ரெண்டு பேருக்குமே எடுங்க. அதே டெசிலிட்டர் கணக்குல 5 மைக்ரோகிராமோ அதுக்கு மேலயோ வந்தா எங்கேருந்து வருதுன்னு பாத்து அத நிறுத்தணும், ரிப்போர்ட்டோட டாக்டர்கிட்ட போங்க. மருந்து குடுத்து ஈயத்த எடுக்குறது பிள்ளைகளுக்கு 45 தாண்டுனாத்தான் பொதுவா பேசுவாங்க, அதனால 8, 10னு வந்தா பதறாதீங்க, அதுக்காக சும்மாவும் விடாதீங்க.

தொண்டி_வலைக்காரன்:
தாயி, நானும் ஈயம் ஊத்துறவன்தான், உங்க தங்கச்சி மாமனார் மாதிரி ஆளுககிட்ட "ஆபத்து"ன்னு பேசுனா ஏறாது, கோவம்தான் வரும். வேலைய நிறுத்தச் சொல்லாதீக, எடத்த மாத்தச் சொல்லுங்க. எங்க பக்கம் இப்ப வீட்டுக்கு வெளிய, காத்து கடல் பக்கம் போற நேரமாப் பாத்து, தனி அடுப்பு தனிச் சட்டி வச்சு ஊத்துறாக. அந்தச் சட்டி திரும்ப சமையலுக்கு வரவே கூடாது. உருக்குன சட்டையோட பிள்ளையத் தூக்கக் கூடாது, சோப்பு போட்டுக் கைகழுவிட்டுத்தான் சோத்துல கை வைக்கணும். பேட்டரி உடைக்குறத மட்டும் ஒத்துக்கிடாதீக, அத பழைய பேட்டரி வாங்குறவன்கிட்ட போட்டுட்டு அந்தக் காசுக்கு குண்டா வாங்கிக்கிடலாம். இன்னொண்ணு, கயித்துல குண்டு கோத்து பல்லால கடிச்சு நெரிக்கிறது, நம்ம பக்கம் பொம்பளையாளுகளும் சேந்து செய்யிறதுதான், குறடு வச்சு நெரிக்கச் சொல்லுங்க. பேரப்பிள்ளைக்காகன்னு சொன்னா இறங்கி வருவாரு, எங்கய்யா அப்புடித்தான் வந்தாரு.

கீழக்கரை_உம்மா:
இதோட சுர்மாவையும் பாருங்க, பிள்ளைக கண்ணுல இடுறோமே, பல சுர்மாவுல ஈயம்தான் இருக்கு. எங்க பேத்திக்கு இடுறத டாக்டர் சொல்லி நிறுத்துனோம். பளபளன்னு ரொம்ப மஞ்சளா இருக்குற மஞ்சத்தூளும் வாங்காதீங்கம்மா, நெறத்துக்காக ஈயம் கலந்த சாயம் போட்டிருப்பாங்க, கிழங்கு வாங்கி அரைச்சுக்குறது நல்லது.

மண்டபம்_அக்கா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே பேரன் பேர வச்சுப் பேசுறேன். நர்ஸ், ரெண்டு சந்தேகம். தங்கச்சி சின்ன வயசுல எங்க வீட்லயும் அப்பா குண்டு ஊத்துவாரு, அது இப்பவும் உடம்புல இருக்குமா? பிள்ளை பொறந்தா தாய்ப்பால் குடுக்கலாமா?

ராம்நாடு_நர்ஸ்:
இருக்கலாம் அக்கா. ரத்தத்துல ஓடுற ஈயம் மாசக்கணக்குல குறையும், எலும்புல போய் உக்காந்தது வருஷக்கணக்கா இருக்கும். மாசமா இருக்கப்ப பிள்ளைக்குக் கால்சியம் பத்தலைனா அம்மா எலும்புலேருந்து எடுக்கும், கூடவே பழைய ஈயமும் வெளிய வரும். அதனால ஆரம்ப சுகாதார நிலையத்துல குடுக்குற கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை ரெண்டையும் ஒழுங்கா போடணும், ஒரே நேரத்துல ரெண்டையும் முழுங்க வேண்டாம், இரும்பு மாத்திரைய டீயோடவும் போட வேண்டாம். முள்ளோட திங்குற நெத்திலி, கேப்பை, முருங்கைக்கீரை நெறைய சேத்துக்கட்டும். தாய்ப்பால் தாராளமா குடுக்கலாம், ஈயம் ரொம்ப ரொம்ப அதிகமா இருந்தாத்தான் டாக்டர் யோசிப்பாங்க, நீங்களா நிறுத்திறாதீங்க.

அந்தப் பின்கட்ட வெளக்கமாத்தால கூட்டாதீங்க, தூளு கிளம்பும். வேற யாராச்சும், தங்கச்சி வேண்டாம், ஈரத்துணியால ரெண்டு மூணு தடவ தொடைச்சு அந்தத் துணியத் தூக்கிப் போடட்டும். அடுப்புச் சாம்பல பாத்திரம் விளக்கவோ முருங்கை மூட்டுல கொட்டவோ கூடாது, சாக்குல கட்டி பிள்ளைக போகாத எடத்துல ஒதுக்கி வைங்க, கெணத்துப் பக்கமும் வேண்டாம். ரிசல்ட் வந்ததும் இங்க போடுங்க, பாத்துச் சொல்றேன்.