லைக்கன், சோலைக்கிளி: ஈற்றுச்சொல் சரியாக அமையட்டும்

குழுவினருக்கு வணக்கம்.

மலைமேட்டுச் சோலைக்காடுகளில் வாழும் சிறு பறவையையும் அங்கே மரப்பட்டையில் படரும் லைக்கனையும் ஒப்பிடும் நம் கட்டுரைக்கு ‘சோலைக்கிளி’, ‘கல்பாசி’ என்ற வழக்குச் சொற்களே போதும் என்று ஐயா எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. இத்தகைய பெயர்களில் பொருளைத் தாங்குவது ஈற்றுச்சொல். இங்கே இரண்டிலும் அதுதான் வழிதவறச் செய்கிறது.

மலையாளத்தில் எந்தச் சிறு பறவையும் கிளிதான். மூணாறில் இருக்கும் எங்களுக்கு அது பழகிவிட்டது. மதுரை மாணவர் பச்சைக்கிளியைத்தான் நினைப்பார். சோலைக்கிளியோ ஈபிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்தது. நீல உடலும் வெள்ளை வயிறுமாகப் புதரடி இருட்டில் இரை தேடுவது. 2017இல் ஷோலிகோலா என்ற தனிப் பேரினம் அமைத்தபோது நம் சோலையே அறிவியல் பெயருக்குள் ஏறிவிட்டது. அதை விடாமல், தேன்சிட்டு போலச் ‘சோலைச்சிட்டு’ என்போம்.

கல்பாசி மசாலாச் சரக்கின் பெயர். மளிகைக் கடையிலேயே இருக்கட்டும். லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் கூடிய உடல் என்று 1867இல் சுவிஸ் தாவரவியலாளர் ஷ்வெண்டனர் அறிவித்தார். இன்றைய பெயரிடல் விதிப்படி லைக்கனின் பெயர் அதிலுள்ள பூஞ்சைக்கே உரியது. பாசிக்குத் தனிப் பெயர் உண்டு. எனவே பூஞ்சைதான் ஈற்றில் நிற்க வேண்டும்: ‘பாசிப்பூஞ்சை’. சிலவற்றில் பாசிக்குப் பதில் சயனோபாக்டீரியா இருக்கிறதே என்று தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அதையும் நீலப்பசும்பாசி என்றுதானே தமிழில் படித்தோம்? சொல் தாங்கும்.

‘இனம்’ என்ற சொல்லைக் கட்டுரை இரண்டுக்கும் ஒன்றுபோல ஆள்வதுதான் என் பெரிய கவலை. பறவையில் இனம் ஒரே கால்வழி. சோலையை விட்டு அகலாத இந்தப் பறவைகளில் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஓர் இனம், தெற்கே ஆனைமலையில் வேறோர் இனம். பாசிப்பூஞ்சையில் அப்படியில்லை; பூஞ்சை, பாசி என இரு கால்வழிகள் கூடித்தான் ஓர் உடல். சோலைமரப் பட்டையில் படர்ந்திருக்கும் சிலவற்றை விரலால் தேய்த்தால் வெளிறிய மாவு ஒட்டும். ஒவ்வொரு துகளிலும் பூஞ்சையிழைகள் சில பாசி உயிரணுக்களைச் சுற்றிப் பின்னியிருக்கும். காற்று இருவரையும் சேர்த்தே கொண்டுபோகும். பூஞ்சையின் வித்து மட்டும் பறந்தாலோ, இறங்கிய இடத்தில் புதிய பாசி கிடைத்தால்தான் வாழ்வு. இந்த வேறுபாட்டை ஒரு பத்தியிலாவது விளக்காமல் ஒப்பீட்டைத் தொடங்கக் கூடாது.

அந்த மாவுத் துகளுக்கு, அதாவது சொரீடியத்துக்கு, ‘கூட்டுத்துகள்’ என்று முன்மொழிகிறேன். ‘பொடி’ வேண்டாம், அது தனித் துகளைச் சுட்டாது. இதைவிடச் சிறந்த சொல் இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன். மற்ற இரண்டையும் இந்த வாரமே கட்டுரையில் சேர்த்துவிடலாம்.