28 நாள் மாத்திரையை முடிக்க வைக்க என்ன வழி?

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம், பாலியல் வன்முறைக்கு ஆளான பிள்ளைகளுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் தன்னார்வலர் நான். (எந்தப் பிள்ளையின் ஊர், வயது விவரமும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.)

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை, சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஒரு தனியார் மருத்துவமனையில் "முதலில் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு வாங்க" என்று அரை நாளை வீணடித்தார்கள். 2020 போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) விதிகளின்படி சிகிச்சைக்கு முன் எந்த ஆவணமும் கேட்கக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் அந்த விதியிலேயே இருக்கிறது. அன்றைக்கு இது தெரியாமல் நின்றேன். சரி, அப்புறம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

இப்போது சிக்கல் வேறு. 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். முதல் வாரத்திலேயே குமட்டல், பிள்ளை மாத்திரையைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புகிறாள். அம்மாவோ, "பக்கத்து வீட்டுல என்ன மாத்திரைன்னு கேட்டா நான் என்னத்தக்கா சொல்ல?" என்று அழுகிறார். அட்டையைப் பிரித்து வேறு டப்பாவில் போடலாமா?

பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை, இந்தத் தடுப்பு மாத்திரையில் இருக்கும் டொலுடெக்ராவிர் மருந்தோடு வெறும் வயிற்றில் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்கிறார்கள். டீச்சரிடம் காரணம் சொல்லாமல் இதை எப்படிச் சமாளித்தீர்கள்? 28 நாளுக்கும் ஒரே தடவையில் மாத்திரை வாங்க முடிந்ததா? பஸ் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஊர் பார்க்கிறது.

நெல்லை, தென்காசி பக்கம் நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) வேலை பார்ப்பவர்கள், கிராம செவிலியர் அக்காமார் யாராவது தனிச்செய்தியில் சொல்லுங்கள்.