வேலி ஃபீவருக்குத் தமிழில் என்ன பெயர்?

எல்லோருக்கும் வணக்கம்.

கோக்சிடியாய்டோமைக்கோசிஸ், அதாவது வேலி ஃபீவர், மண்ணில் இருக்கிற பூஞ்சை மூச்சில் ஏறி நுரையீரலில் வருகிற நோய். இதற்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் பேச்சில், 'பள்ளத்தாக்குக் காய்ச்சல்' (வேலி என்றால் ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கு) போதும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கை வைத்து அங்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. நம் வேலூரில் பள்ளத்தாக்கு என்றால் ஜவ்வாது மலையும் அமிர்தியும்தான் நினைவுக்கு வரும், ஏதோ மலைக்காட்டுக் கொசுக்காய்ச்சல் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியே 'வேலிக் காய்ச்சல்' என்று போட்டால் இன்னும் மோசம், முள்வேலிக்கு யார் மாத்திரை கொடுப்பது!

இங்கே இன்னொரு அம்மா சொன்ன 'நுரையீரல் பூஞ்சைத் தொற்று' அறிவியல்படி சரிதான். ஆனால் தொற்று என்று காதில் விழுந்தால் போதும், நம் வீடுகளில் தட்டு டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். இது ஆளுக்கு ஆள் பரவுகிற நோய் இல்லையே. அரிசோனா, கலிபோர்னியா, மெக்சிகோ பக்கத்து வறண்ட மண்ணில் இருக்கிற பூஞ்சை, மழை ஈரத்தில் இழையாக வளர்ந்து, காய்ந்ததும் கணுக்கணுவாக ஒடிந்து, புழுதியோடு கிளம்பி மூச்சில் ஏறுகிறது. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் மலைச்சரிவுகள் சரிந்து எழுந்த புழுதியால் பலருக்கு வந்தது. ஆகவே பெயரில் மண் இருந்தே ஆகவேண்டும்.

சரி, 'புழுதிக் காய்ச்சல்' என்றால்? சித்திரை வெயிலில் பாலாற்று மணலைக் காற்று வாரி இறைக்கிற ஊரில் எல்லோரும் மிரண்டுபோவார்கள், பூஞ்சையோ அமெரிக்கக் கண்டங்களின் வறண்ட நிலத்துக்காரன். அதனால் என் முன்மொழிவு 'பாலைமண் பூஞ்சை நோய்'. சங்கப் பாலை வேறு என்று யாராவது கிளம்புவீர்கள், தெரியும், விடுங்கள். அதே வழியில், வௌவால், பறவை எச்சம் கலந்த மண்ணிலிருந்து வரும் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் 'எச்சமண் பூஞ்சை நோய்' ஆகிவிடும்.

அரிசோனாவின் பீனிக்ஸில் வேலை பார்த்துவிட்டுக் காட்பாடிக்குத் திரும்புகிறவர் இருமல், காய்ச்சல், அசதி என்று போனால், எக்ஸ்ரேயைப் பார்த்ததும் டிபி என்றுதான் முதலில் தோன்றும். டிபி மாத்திரை இதற்குக் கேட்காது. பலருக்கு மருந்தே இல்லாமல் சில வாரத்திலோ மாதத்திலோ தணிந்துவிடும். தேவைப்படுகிறவர்களுக்கு ஃப்ளூகோனசோல் அல்லது இட்ராகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து, பெரும்பாலும் 3 முதல் 6 மாதம். மூளையுறை வரை போய்விட்டால் ஆயுள் முழுக்க. சர்க்கரை உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முற்றுகிற வாய்ப்பு அதிகம். எந்த ஊரில் இருந்தோம் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சளியைப் பரிசோதிக்கும் ஆய்வகத்துக்கும் அது தெரியவேண்டும், ஏனென்றால் பரிசோதனைத் தட்டில் வளர்ந்த பூஞ்சையின் வித்து அங்கே வேலை செய்கிறவர் மூச்சிலும் ஏறிவிடும்.

மனிதருக்குத் தடுப்பூசி இல்லை. புழுதிப்புயலில் வெளியே போகாமல் இருப்பது, தோண்டுமுன் மண்ணை நனைப்பது, என்95 மாஸ்க், இவ்வளவுதான்.

அப்புறம், ஒடிந்து பறக்கும் ஆர்த்ரோகொனிடியாவைக் 'கணுவித்து' என்கலாம். அது நுரையீரலுக்குள் உருண்டு பெருத்து, நூற்றுக்கணக்கில் குட்டி வித்துகளை அடைத்துக்கொண்டு வெடிக்கிறதே, அந்த ஸ்பெரூலுக்குக் 'கோளுறை' என்று பெயர் வைப்பது ஏதோ விண்வெளிச் சமாசாரம் மாதிரி இருக்கிறது. 'வித்துருண்டை' போதாதா?