பழைய லெப்டொப்: விண்டோஸ் 11க்குப் போறதா, 10இலயே இருக்கிறதா?

கல்லாறு_டீச்சர்

தம்பிமார், தங்கச்சிமாருக்கு வணக்கம். கோட்டைக்கல்லாற்றில இருந்து எழுதுறன். டெல் லெப்டொப் ஒண்டு. ஐ3 4005யூ, றாம் 4 ஜீ.பி., சுத்துற ஹார்ட் டிஸ்க் 500 ஜீ.பி. வாங்கக்குள்ள விண்டோஸ் 8.1. மறுகா 2016இல இலவசமா 10க்கு மாத்தினது. இப்ப 10க்கு ஆதரவு முடிஞ்சிற்று எண்டு ஒரே அறிவித்தல் வருது. ஒன் பண்ணி வேர்ட் திறக்கிறதுக்குள்ள தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிரலாம். கடையில "11 ஏறாது, புதுசு எடுங்க" எண்டுறாங்க.

நான் செய்யிறது இவ்வளவுதான்: வேர்ட் 2010இல பாமினி எழுத்துருவில கேள்வித்தாள் அடிக்கிறது, கெனன் எல்.பி.பி.2900இல அச்செடுக்கிறது, சூம் வகுப்பு, ஈ-தக்சலாவ பாடத் தளம் பார்க்கிறது. கரண்ட் போய் வந்தா திகதி பழைய வருசத்துக்குப் போயிருது, சில தளங்கள் திறக்கவும் மாட்டுது. பற்றரி செத்திற்று, வயரிலதான் ஓடுது. இதுக்கு என்ன செய்யலாம்?

போட்_மெனு

டீச்சர், உங்கட பிரச்சினையில பாதி விண்டோஸ் இல்ல. மூண்டு விசயம் கலந்து கிடக்கு, ஒவ்வொண்டாப் பார்ப்பம்.

முதல்ல திகதி. மதர்போர்டில திகதியைக் காக்கிற சி.ஆர்.2032 எண்ட சின்னக் காசுப் பற்றரி இறங்கிற்று. லெப்டொப்பில அது அநேகமா சின்ன வயரும் பிளக்கும் வைச்சுத்தான் வரும், கடையில கேட்கக்குள்ள "வயர் வைச்சது" எண்டு சொல்லுங்க. திகதி பிழையா இருந்தா தளங்கள்ட பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி மாதிரித் தெரியும், அதுதான் திறக்குதில்ல. விண்டோஸ் அப்டேட்டும் அதே காரணத்தால நிக்கும். இதைக் கட்டாயம் மாத்துங்க.

இரண்டாவது வேகம். விண்டோஸ் 10ஐ சுத்துற டிஸ்கில ஓட்டினா டாஸ்க் மெனேஜரில டிஸ்க் 100 வீதத்திலயே நிக்கும். புரொசஸர் சும்மா இருக்கும், டிஸ்க்தான் மூச்சு வாங்கும். இதுக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. (சுத்தாத, சிப்பில எழுதுற வேகமான டிஸ்க்), 240 அல்லது 256 ஜீ.பி. போதும், 7 மி.மீ. தடிப்பு. எந்த விண்டோஸ் போட்டாலும், அதுக்குப் பதிலா இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டாலும் இது இல்லாம பலன் இல்ல. 11ஐ பழைய டிஸ்கில ஏத்தினா இப்ப இருக்கிறத விட மோசமா இருக்கும்.

மூண்டாவதுதான் விண்டோஸ். 11க்கு மைக்ரோசொப்ட் கேட்கிறது டி.பி.எம். 2.0 எண்ட பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் எண்ட பாதுகாப்பான தொடக்க முறை, இன்டெல் எண்டால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையும் அதுக்கு மேலயும். உங்கட 4005யூ 4ஆம் தலைமுறை. கடைக்காரர் சொன்னது முறைப்படி சரி. ரூஃபஸ் மென்பொருளால பென் டிரைவ் செய்யக்குள்ள அந்தச் சோதனைகளை நீக்கிற தெரிவு வரும், அப்படிப் போட்டா ஏறும், ஓடும். ஆனா மாதாந்த அப்டேட் வந்தாலும் வருசத்துக்கொரு தடவை வாற பெரிய பதிப்பு தானா வராது, ஒவ்வொரு முறையும் கையால ஏத்தவேணும். இந்த அப்டேட்டுகளும் தொடர்ந்து வரும் எண்டு உத்தரவாதமில்ல. கேள்வித்தாள் அடிக்கிற மெசினில இந்த விளையாட்டு வேணாம் எண்டது என்ட கருத்து.

10க்கு ஆதரவு முடிஞ்சது 2025 ஒக்டோபர் 14. அதுக்குப் பிறகும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் எடுக்கலாம். 22எச்2 பதிப்பா இருக்கவேணும், மைக்ரோசொப்ட் கணக்கால உள்ளுக்குப் போகவேணும். செட்டிங்ஸில விண்டோஸ் அப்டேட் பக்கத்தில "என்ரோல் நவ்" எண்டு ஒரு இணைப்பு இருக்கும். செட்டிங்ஸை கணக்கோட ஒத்திசைக்கச் சம்மதிச்சா காசில்ல. இல்லாட்டி 1000 ரிவார்ட்ஸ் புள்ளி அல்லது 30 டொலர்.

ஆனா அதுக்கு முதல் செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, அக்டிவேஷன் எண்டு போய்ப் பாருங்க. "டிஜிட்டல் லைசன்ஸ்" எண்டிருந்தா நல்லம். "ஓகனைசேஷன்" எண்ட சொல் அங்க வந்தா சொந்த லெப்டொப் எண்டபடியால, பெரும்பாலும் இடையில யாரோ கிராக் பதிப்பு ஏத்திக் குடுத்திருக்காங்க எண்டு அர்த்தம். அது என்டர்பிரைஸ் பதிப்பா இருந்தா அந்த இணைப்பே காட்டாது.

சம்மாந்துறையான்

போட்_மெனு தம்பி சொன்னதில எஸ்.எஸ்.டி.யும் பற்றரியும் நூற்றுக்கு நூறு சரி. ஆனா 2026 ஒக்டோபர் முடிய டீச்சர் திரும்பவும் இங்கதான் வருவாங்க. அந்த மெசினுக்கு லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்.எப்.சி.ஈ. பதிப்பு போடலாம். உபுண்டு 24.04க்கு மேல கட்டினது, 2029 ஏப்ரல் வரை அப்டேட் இரிக்கி. 2 ஜீ.பி. றாமில எழும்பும், 4இல வசதியா ஓடும். சூம் வேலை செய்யும். ஈ-தக்சலாவ பிரவுசரில பார்க்கிறதுதானே, பிரச்சினையில்ல.

நிறுவ முதலே பென் டிரைவில இருந்து ஓட்டிப் பார்க்கலாம் எண்டதுதான் இதில பெரிய நன்மை. 8 ஜீ.பி. பென் டிரைவ், ஐ.எஸ்.ஓ. எண்ட நிறுவல் கோப்பு கிட்டத்தட்ட 3 ஜீ.பி., இரவு டேட்டாவில இறக்குங்க. டெல்லில ஒன் பண்ணின உடனே எப்12 தட்டினா பூட் மெனு வரும். வந்த பிறகு ஸ்பீக்கர், கெமரா, வை-பை மூண்டையும் பாருங்க. சில டெல் லெப்டொப்பில புரோட்கொம் வை-பை சிப் இரிக்கும், அதுக்கு டிரைவர் பிறகு ஏத்தவேணும். போனை யூ.எஸ்.பி. வயரால கொழுவி டெதரிங் போட்டா இன்டர்நெட் வந்திரும், அதுக்குப் பிறகு டிரைவர் மெனேஜர் தானாவே தேடி எடுக்கும்.

விண்டோஸையும் பக்கத்தில வைக்கிற எண்ணமிருந்தா பவர் ஒப்ஷன்ஸில பாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிப்பாட்டிப் போட்டு முழுசா ஷட் டவுன் செய்யவேணும். இல்லாட்டி விண்டோஸ் பகுதி பாதித் தூக்கத்தில இரிக்கும், லினக்ஸில இருந்து வாசிக்கலாம், எழுத ஏலாது.

பாண்டிருப்பு_பி.சி.

காக்கா, எல்.பி.பி.2900ஐ மறந்திட்டீங்களே! அது கெனன்ட சொந்தக் கெப்ட் முறையில ஓடுற பிறின்டர். லினக்ஸில அதுக்கான பழைய டிரைவரை ஏத்தலாம், ஆனா பின்னுக்கு ஓடுற சேவை ரீஸ்டார்ட் பண்ணினா நிக்கும், கேபிளைக் கழட்டிக் கொழுவினாலும் நிக்கும். பரீட்சைக்கு முதல்நாள் பின்னேரம் டீச்சருக்கு டெர்மினல் திறக்கச் சொல்லுவீங்களா?

விண்டோஸ் 10, 64-பிட்டுக்கு கெனன்ட டிரைவர் இருக்கு. பிறின்டர் மாறும்வரை டீச்சர் விண்டோஸிலயே இருக்கட்டும்.

சம்மாந்துறையான்

அது நியாயம். பிறின்டர் 2900 எண்டு ரெண்டாம் பந்தியில இரிந்ததைக் கவனிச்சிருக்கணும். அப்ப இந்த வருசம் 10, அடுத்த பிறின்டர் வாங்கக்குள்ள லினக்ஸ் ஆதரவு பார்த்து வாங்குங்க டீச்சர்.

கல்லாறு_டீச்சர்

பார்த்தன், டிஜிட்டல் லைசன்ஸ் எண்டுதான் காட்டுது. எஸ்.எஸ்.டி. போட்டா திரும்பவும் விண்டோஸுக்குக் காசு கட்டணுமா? என்ட பாமினி கேள்வித்தாள் எல்லாம் என்னாகும்? றாமும் கூட்டவேணுமா? எதை எந்த ஒழுங்கில செய்யிறது?

போட்_மெனு

காசு கட்டத் தேவையில்ல. அந்த லைசன்ஸ் மதர்போர்டோட ஒட்டினது, டிஸ்கோட இல்ல. போர்டு மாறாதவரை அதே பதிப்பை ஏத்தி இன்டர்நெட்டில கொழுவினா தானா அக்டிவேட் ஆகும். 8.1 லைசன்ஸ் கீ பயோஸிலயே (போர்டோட வாற தொடக்க மென்பொருள்) இருக்கிறதால ஹோமா, சிங்கிள் லாங்குவேஜா எண்டதை செட்அப் தானே தெரிவு செய்யும். கவனிக்க: 7, 8.1 கீயை வைச்சுப் புதுசா 10 அக்டிவேட் பண்ணுற வழியை 2023 செப்டெம்பரில மூடிட்டாங்க. உங்களுக்கு ஏற்கெனவே 10க்குப் பதிவு இருக்கிறதால அது தொடாது. அக்டிவேஷன் பக்கத்தை ஒரு படம் எடுத்து வையுங்க.

பழைய டிஸ்கை அப்படியே கொப்பி எடுக்கிற வேலைக்குப் போகவேணாம். 500இல இருந்து 240க்கு கொப்பி எடுக்க முதல் பகுதிகளைச் சுருக்கவேணும், அதில வழுக்கினா ரெண்டும் போகும். வருசக்கணக்கான குப்பையும் சேர்ந்து வரும். புதுசா ஏத்துறதுதான் சுகம்.

ஒழுங்கு இப்படி. கிறிஸ்டல் டிஸ்க் இன்போ எண்ட மென்பொருள் போட்டு பழைய டிஸ்கின்ர நிலையைப் பாருங்க. "குட்" எண்டு நீலமா இருந்தா ஆறுதலாச் செய்யலாம். "கோஷன்" எண்டு மஞ்சளா இருந்தா, விசேசமா டிஸ்கில பழுதான இடங்களைக் காட்டுற 05 அல்லது சி5 வரிசையில எண் ஏறியிருந்தா, வேற ஒண்டும் செய்யாம முதல்ல டொக்கியுமென்ட் எல்லாத்தையும் வெளியில எடுங்க. சி டிரைவ், விண்டோஸ், ஃபொன்ட்ஸ் உள்ளுக்கு இருக்கிற பாமினி உட்பட நீங்க பாவிக்கிற எல்லா எழுத்துருவையும் பென் டிரைவில எடுக்கணும். இதைத்தான் எல்லாரும் மறக்கிறது. வேர்ட் கோப்பு இருக்கும், எழுத்துரு இருக்காது, திறந்தா ஆங்கில எழுத்துக் குப்பையாத் தெரியும். கோப்பு பழுதாகல்ல, புது விண்டோஸில எழுத்துருவை ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்டோல் குடுத்தா பழையபடி வரும். ஒபிஸ் 2010ட கீ எழுதி வைச்சிருக்கிறீங்களா எண்டும் பாருங்க.

பிறகு மைக்ரோசொப்ட் தளத்தில இருந்து விண்டோஸ் 10 மீடியா கிரியேஷன் டூல் எடுத்து 8 ஜீ.பி. பென் டிரைவில செய்யுங்க. பென் டிரைவில இருக்கிறதெல்லாம் அழியும், அதால எழுத்துரு எடுத்தது வேறொண்டில இருக்கணும். லெப்டொப்பை நிப்பாட்டி, வயரைக் கழட்டி, செத்த பற்றரியையும் கழட்டி, பவர் பட்டனைப் பத்து செக்கன் அமத்திப் பிடிச்சு விடுங்க. பழைய டிஸ்கை எடுத்திட்டு எஸ்.எஸ்.டி.யைப் போடுங்க. டிஸ்கைச் சுத்தி இருக்கிற தகரச் சட்டத்தையும் கழட்டி எஸ்.எஸ்.டி.யில பூட்டணும், நாலு சின்ன ஸ்குரூ. சி.ஆர்.2032ஐயும் இதே நேரம் மாத்திருங்க. நிறுவக்குள்ள பழைய டிஸ்க் லெப்டொப்பில இருக்கக்கூடாது. இருந்தா பூட் பகுதி அதில போய் எழுதுப்பட்டு, பிறகு அதைக் கழட்டின அண்டைக்கு மெசின் எழும்பாது.

பயோஸில யூ.இ.எப்.ஐ. எண்ட புது பூட் முறையில இருக்கா பாருங்க, லெகசி எண்ட பழைய முறையில இருந்தா மாத்திப்போட்டு ஏத்துங்க. செட்அப்பில டிஸ்க் "அன்எலொகேட்டட்" எண்டு காட்டும், அதைத் தெரிவு செஞ்சு நெக்ஸ்ட், மிச்சத்தை அதுவே பிரிக்கும்.

பழைய டிஸ்கை யூ.எஸ்.பி. 3.0 கேசிங்கில போடுங்க, கோப்பெல்லாம் அதில அப்படியே இருக்கும். எல்லாம் வந்து சேர்ந்திற்று எண்டு நிச்சயமாகும்வரை அதை ஃபோமட் பண்ணாதீங்க.

உங்களுக்குப் பற்றரி இல்ல, அதால யூ.பி.எஸ். ஒண்டில கொழுவிப்போட்டுத்தான் தொடங்கணும். மழை இருட்டிக்கொண்டு வாற பின்னேரத்தில வேணாம், காலையில செய்யுங்க. விண்டோஸ் ஏறக்குள்ள கரண்ட் போனா திரும்ப முதல்ல இருந்து ஏத்தலாம். பயோஸ் அப்டேட் ஓடக்குள்ள போனா போர்டே போகும், அதால பற்றரி இல்லாம பயோஸ் அப்டேட் பக்கமே போகாதீங்க.

பாண்டிருப்பு_பி.சி.

றாம் பற்றி நான் சொல்றன். 8 ஜீ.பி. ஆக்கினா சூமும் வேர்டும் ஒண்டா ஓட லேசு. டாஸ்க் மெனேஜர், பெர்போமன்ஸ், மெமரியில "ஸ்லொட்ஸ் யூஸ்ட்" எண்டு இருக்கும், 1 ஒஃப் 2 எண்டா இன்னொரு 4 ஜீ.பி. போட்டா சரி. 1 ஒஃப் 1 எண்டா பழசை எடுத்துப்போட்டு 8 போடணும்.

4ஆம் தலைமுறை லெப்டொப்புக்கு டி.டி.ஆர்.3எல் மட்டும்தான், 1.35 வோல்ட். ஸ்டிக்கரில பி.சி.3எல் எண்டு எழுதியிருக்கும். "எல்" இல்லாத பி.சி.3 எண்டது 1.5 வோல்ட். வெட்டு ரெண்டுக்கும் ஒரே இடத்தில இருக்கிறதால கச்சிதமாப் பொருந்தும், ஆனா திரை வராது. கடையில "ரெண்டும் ஒண்டுதான்" எண்டா நம்பாதீங்க, ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குங்க.

கல்லாறு கடலுக்கும் வாவிக்கும் நடுவில. உப்புக் காத்து றாமின்ர பொன்னிறப் பல்லில படிஞ்சு மங்கிப்போயிருக்கும். கழட்டக்குள்ள வெள்ளை அழிறப்பரால ரெண்டு பக்கமும் மெதுவா உரசி, தூளைத் தட்டிப்போட்டுப் பூட்டுங்க. புது றாம் போட்டுத் திரை வரல்ல எண்டு பதறுறதில பாதிக்கு இதுதான் காரணம். பெரிய கொள்ளளவு மலிவா வருதெண்டு பெயர் தெரியாத எஸ்.எஸ்.டி. எடுக்கவேணாம். எடுத்தா எச்2டெஸ்ட்டபிள்யூ எண்ட மென்பொருள் போட்டு முழுசா எழுதி வாசிச்சுப் பாருங்க, போலியெண்டா அதில மாட்டும்.

ஏறாவூர்_06

இதோட நானும் கேட்கிறன். கோர் 2 டுவோ டெஸ்க்டொப், ஜி31 போர்டு, 2 ஜீ.பி. டி.டி.ஆர்.2, விண்டோஸ் 7. ரூஃபஸால 11 ஏத்தலாமா?

சம்மாந்துறையான்

ஏலாது. 24எச்2 பதிப்பில இருந்து புரொசஸரில பொப்கவுன்ட், எஸ்.எஸ்.ஈ.4.2 கட்டளைகள் கட்டாயம். கோர் 2 டுவோவில பொப்கவுன்ட் இல்ல. ரூஃபஸ் நீக்கிறது செட்அப் கேட்கிற கேள்வியைத்தான், சிப்பில இல்லாத கட்டளையை அதால உண்டாக்க ஏலாது. ஏத்தினாலும் பூட் ஆகாது. விண்டோஸ் 7க்கு ஆதரவு முடிஞ்சது 2020 ஜனவரி 14, அதை இன்டர்நெட்டில விடவும் கூடாது.

ஜி31 போர்டு கூடினது 4 ஜீ.பி. எடுக்கும், 2 ஜீ.பி. துண்டு ரெண்டு. டி.டி.ஆர்.2 புதுசா கிடைக்கிறது கஷ்டம், கழட்டின மெசின் வைச்சிரிக்கிற கடையில கேளுங்க. எஸ்.எஸ்.டி. போடலாம், சாட்டா 2 எண்டபடியால முழு வேகம் வராது, ஆனாலும் பழைய டிஸ்கை விட எவ்வளவோ மேல். பயோஸில ஏ.எச்.சி.ஐ. (டிஸ்கை ஓட்டுற புது முறை) தெரிவு தேடி மெனக்கெடாதீங்க, அந்தப் போர்டில வழமையா வாற சிப்பில அது இல்ல, ஐ.டி.ஈ. எண்ட பழைய முறையிலயே ஓடும். மின்ட் எக்ஸ்.எப்.சி.ஈ. போட்டு, பிரவுசரில ஒரே நேரத்தில நாலைஞ்சு டெப்புக்கு மேல திறக்காம பாவிச்சா பிள்ளைகள்ட படிப்புக்குக் காணும். பிறின்டர் என்ன மொடல் எண்டதையும் எழுதுங்க, அதைப் பார்த்திட்டு மிச்சம் சொல்றன்.