கோயில் தெரு குடும்பங்கள் குழு: கேஷுவாலிட்டிக்குப் போகும்போது

டீச்சர், மாலை 6:40
எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம். பெரியாஸ்பத்திரி கேஷுவாலிட்டியில முதல்ல போனவங்களை உக்கார வச்சுட்டு, பின்னால வந்தவங்களைப் பாக்காங்கன்னு தெருவுல ரெண்டு மூணு வீட்டுல வருத்தப்படுதாங்க. சீட்டு நம்பர்படி கூப்பிட மாட்டாங்களா?

நர்ஸ் அக்கா, 6:46
சீட்டு நம்பர் ஓபிக்குத்தான் டீச்சர். கேஷுவாலிட்டியில அது செல்லாது. உள்ள நுழைஞ்சதும் நாடி, பிபி, மூச்சு எண்ணிக்கை, விரல்ல கிளிப் மாட்டி ஆக்ஸிஜன், நினைவு எப்படி இருக்கு, இந்த அஞ்சையும் பாத்து நிறம் பிரிப்பாங்க. சிவப்புன்னா அந்த நிமிஷமே படுக்கை. மஞ்சள்னா சீக்கிரம் பாக்கணும், கண் பார்வையில வச்சிருப்பாங்க. பச்சைன்னா காத்திருக்கலாம். 'தாய்' (TAEI) வார்டுன்னு போர்டு இருக்கிற ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் இந்த முறைதான். அது பிரசவ வார்டு இல்ல, விபத்து, அவசர சிகிச்சை வார்டு.

நர்ஸ் அக்கா, 6:49
ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. பச்சைன்னு உக்கார வச்சவங்க நிறம் மாறும். காத்திருக்கும்போது வேர்த்துக் கொட்டுது, பேச்சு குளறுது, வாந்தியில ரத்தம் வருதுன்னா எந்திரிச்சுப் போய் அதே நர்ஸ்கிட்ட மறுபடி சொல்லணும். "ரொம்ப முடியலைங்க"ன்னு சொன்னா அங்க ஒண்ணும் விளங்காது, அங்க வந்திருக்கிற எல்லாருக்கும் முடியாமத்தான் இருக்கும். "ஒரு வாக்கியத்தை முழுசா பேச முடியாம மூச்சு வாங்குது"ன்னு சொல்லிப் பாருங்க, உடனே திரும்பிப் பாப்பாங்க.

மாடி வீட்டு மதினி, 6:52
அப்போ ஆம்புலன்ஸ்ல போனா முதல்ல பாப்பாங்களா?

108 தம்பி, 6:58
இல்ல மதினி, ஆம்புலன்ஸ்ல வந்தாலும் ஆட்டோவுல வந்தாலும் நிறம் ஒண்ணுதான். ஆனா நாங்க வழியிலேயே வார்டுக்கு போன் போட்டு, வயசு, பிபி, என்ன அடி எல்லாம் சொல்லிடுவோம். படுக்கையும் ஆக்ஸிஜனும் தயாரா இருக்கும். ஆட்டோவுல போனா அந்தத் தகவல் முன்னால போகாது, வித்தியாசம் அவ்வளவுதான். வண்டிக்குக் காசு கிடையாது, டீசலுக்குன்னுகூட யாரும் கொடுக்க வேண்டாம்.

டீச்சர், 7:01
நெஞ்சு வலி சிவப்பா, மஞ்சளா? கேஸ் டிரபிள்னு சொல்லி வீட்டுலேயே ஓமத்தண்ணி குடிச்சுட்டு உக்காந்திருக்காங்க நிறையப் பேரு.

நர்ஸ் அக்கா, 7:10
ஈசிஜி எடுக்குற வரைக்கும் அதை யாரும் சொல்ல முடியாது. அதனாலதான் நெஞ்சு வலின்னு சொன்னா ஆஸ்பத்திரிக்குள்ள வந்து 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுத்தாகணும்னு விதி. வாசல்ல நிக்கும்போதே "நெஞ்சு வலி, இத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது"ன்னு சொல்லிருங்க. சுகர் உள்ளவங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் நெஞ்சுல வலியே தெரியாம, தாடை, முதுகு, மேல் வயிறு, திடீர் வேர்வை, மூச்சு வாங்கல்னு வரும். அதையும் நெஞ்சு வலி மாதிரியே சொல்லணும்.

முதல் ஈசிஜி நார்மல்னு சொல்லிட்டு ஏன் விடமாட்டேங்காங்கன்னு சண்டை போடுதாங்க. அடைப்பு ஆரம்பிச்ச புதுசுல ஈசிஜியில ஒண்ணும் தெரியாம இருக்கும், ரத்தத்துல பாக்குற ட்ரோபோனினும் சில மணி நேரம் கழிச்சுத்தான் ஏறும். அதனாலதான் மறுபடி எடுக்கணும்ங்காங்க. தயவுசெஞ்சு கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டு வந்துறாதீங்க.

மெடிக்கல் அண்ணாச்சி, 7:14
நம்ம ஊருல இருந்து ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி தூரம். நெஞ்சு வலின்னா நேரா அங்க ஓடாம, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதல்ல போங்க. 2023-ல வந்த 'இதயம் காப்போம்' திட்டத்துல 14 மாத்திரை கொடுப்பாங்க. ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடோர்வாஸ்டாடின் 8. ஒரே நேரத்துல அத்தனை மாத்திரையைப் பாத்துப் பயப்படாதீங்க, அதுதான் அளவு. ரத்தக் கட்டி பெருகாம தடுக்கிறதுக்கு. அங்கிருந்தே 108-ல ஏத்தி விடுவாங்க. என்ன கொடுத்தாங்க, எத்தனை மணிக்கின்னு எழுதின சீட்டை மேல போற ஆஸ்பத்திரியில கட்டாயம் காட்டணும். இல்லேன்னா அங்க இரண்டாம் தடவை கொடுத்துருவாங்க.

மெடிக்கல் அண்ணாச்சி, 7:17
வாட்ஸ்அப்புல சுத்துதே, நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில சார்பிட்ரேட் மாத்திரை வைக்கணும்னு. யாரு சொன்னாலும் நீங்களா வைக்காதீங்க. பிபி ஏற்கெனவே கீழ இருந்தா இன்னும் சாஞ்சிரும், மயங்கி விழுவாங்க. ஆண்மைக்குன்னு சில்டெனாஃபில் மாதிரி மாத்திரை சாப்பிட்டிருந்தா டாக்டர்கிட்ட வெக்கப்படாம சொல்லணும். சார்பிட்ரேட்டோட அது சேந்தா பிபி அதலபாதாளத்துக்குப் போயிரும்.

மாடி வீட்டு மதினி, 7:20
வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் வராமப் போனா?

நர்ஸ் அக்கா, 7:27
அங்க டாக்டர் கேக்குற முதல் கேள்வி "கடைசியா எப்போ நல்லா இருந்தாங்க?" அதுக்குப் பதில் யாருக்குத் தெரியுமோ அவங்க கூடப் போகணும். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி அந்த நேரத்துல இருந்து நாலரை மணி நேரத்துக்குள்ளதான். காலையில எந்திரிக்கும்போதே கோணியிருந்தா, நேரம் எந்திரிச்சதிலிருந்து கணக்கு இல்ல, ராத்திரி படுத்ததிலிருந்து கணக்கு. பாக்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஆனா உள்ள அடைப்பா ரத்தக் கசிவான்னு சிடி ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். கசிவுள்ளவருக்கு ஆஸ்பிரின் கொடுத்தா கசிவு கூடும். அதனால மாத்திரையும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். தொண்டையும் வேலை செய்யாம இருக்கலாம், குடிச்ச தண்ணி நுரையீரலுக்குள்ள போயிரும். சிடி இல்லாத ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மணி நேரம் போக்காம, 108-ல கூப்பிடும்போதே "வாய் கோணியிருக்கு"ன்னு சொல்லுங்க, எங்க போகணும்னு அவங்களுக்குத் தெரியும்.

வயக்காட்டுத் தாத்தா, 7:31
பாம்பு கடிச்சா கேஷுவாலிட்டியில சில பேருக்கு விஷமுறிவு ஊசியே போட மாட்டேங்காங்களே, மருந்து இல்லையா?

நர்ஸ் அக்கா, 7:44
மருந்து இருக்கும் தாத்தா. விஷம் ஏறின அறிகுறி இருந்தாத்தான் போடணும். பல் பட்டும் விஷம் இறங்காத கடி நிறைய உண்டு. அந்த மருந்து குதிரை ரத்தத்துல இருந்து எடுக்கிறது, சில பேருக்கு ஒவ்வாம மூச்சு அடைக்கும். பக்கத்துல அந்த ஒவ்வாமைக்குப் போடுற அட்ரினலின் ஊசியை வச்சுக்கிட்டுத்தான் ஏத்துவாங்க. சும்மா தடுப்புக்குன்னு போட முடியாது.

போட வேண்டியது இருந்தா முதல்லயே 10 குப்பி வரைக்கும் சலைன்ல கலந்து ஒரு மணி நேரத்துல ஏத்துவாங்க. சின்னப் பிள்ளைக்கும் அதே அளவுதான், ஏன்னா பாம்பு ஆளைப் பாத்து விஷத்தைக் குறைக்காது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஒரே மருந்து. அதனால பாம்பை அடிச்சுத் தூக்கிட்டு வர வேண்டாம். அடிக்கப் போயி இன்னொருத்தர் கடி வாங்குதாங்க, செத்த தலையும் கடிக்கும்.

கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் விஷமான்னு தெரிய 20 நிமிஷச் சோதனை பண்ணுவாங்க. 2 மில்லி ரத்தம் புதுக் கண்ணாடிக் குழாயில எடுத்து, அசைக்காம 20 நிமிஷம் வச்சு, ஒரு தடவை சாய்ச்சுப் பாப்பாங்க. உறையாம ஓடினா விஷம் ஏறியிருக்கு. குழாயை யாரும் தொட்டு ஆட்டிப் பாக்கக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவின குழாயா இருந்தாலும் தப்பா வரும். முதல் தடவை உறைஞ்சாலும் மறுபடி மறுபடி எடுப்பாங்க, ஏன் இத்தனை தடவை ரத்தம் உறிஞ்சுதாங்கன்னு கேக்காதீங்க.

வயக்காட்டுத் தாத்தா, 7:47
கட்டுவிரியனுக்கு வீக்கமே இருக்காதுல்லா?

நர்ஸ் அக்கா, 7:52
அதேதான் தாத்தா, அதுதான் ஏமாத்துற கடி. ராத்திரி தரையில படுத்திருக்கும்போது கடிக்கும், வலி கிடையாது, கடிச்ச தடம்கூடத் தெரியாது. விடியக்காலம் வயித்து வலி, வாந்தின்னு எந்திரிப்பாங்க. பிறகு கண் இமை தொங்கும், எச்சில் முழுங்க முடியாது, கடைசியா மூச்சு நிக்கும். தரையில படுத்தவங்க விடியக்காலம் வயித்து வலின்னு வந்து இமை தொங்கினா, "கீழ படுத்திருந்தாங்க"ன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. இந்த ஒரு வார்த்தை தெரியாமத்தான் பல நேரம் கேஸ் பிந்துது. அறிகுறி இல்லேன்னாலும் 24 மணி நேரம் வார்டுல இருக்கணும்.

108 தம்பி, 7:55
கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க. மெட்டி, கொலுசு, மோதிரம், வளையல் முதல்ல கழட்டணும், வீங்கிருச்சுன்னா வெட்டித்தான் எடுக்கணும். கால் முறிஞ்சா எப்படி ஒரு கட்டையை வச்சுக் கட்டுவோமோ அப்படி அசையாம வச்சுத் தூக்கிட்டு வாங்க, நடக்க விடாதீங்க. ஏற்கெனவே யாராவது இறுக்கிக் கட்டியிருந்தா வழியில அவுக்க வேண்டாம், டாக்டர் முன்னாலதான் அவுக்கணும். வழியில அவுத்தா ஒரேயடியா விஷம் மேல ஏறும்.

டீச்சர், 8:02
ரோட்டு விபத்துல நாம தூக்கிட்டுப் போனா போலீஸ் கேஸ்னு இழுப்பாங்கன்னு பயப்படுதாங்க. வக்கீல் சார் கொஞ்சம் சொல்லுங்க.

வக்கீல் சார், 8:15
பயப்பட வேண்டியதில்லை டீச்சர். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவு சேர்த்திருக்கிறார்கள். உதவி செய்தவர் பெயர், முகவரி கொடுக்கக் கட்டாயம் இல்லை, அவர் மேல் வழக்கும் கிடையாது. முதலில் சிகிச்சை, பிறகுதான் போலீஸ் நடைமுறை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது, தனியார் மருத்துவமனைக்கும் சேர்த்து.

பணத்துக்கு 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' இருக்கிறது. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கியது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசம். வருமானம் பார்ப்பதில்லை, வெளி மாநிலத்துக்காரருக்கும் உண்டு. 1 லட்சத்தில் தொடங்கிய வரம்பைப் பிறகு 2 லட்சமாக உயர்த்தினார்கள்.

வக்கீல் சார், 8:21
எல்லாரும் கோட்டை விடும் இடம் விபத்துப் பதிவேடு, ஏஆர் என்பார்கள். காயம் எப்படி ஏற்பட்டது, எந்த இடம், எத்தனை மணி, எந்த வாகனம், கூட்டி வந்தது யார் என்று கேஷுவாலிட்டி டாக்டர் அதில் எழுதுவார். போலீஸ் அலைச்சலுக்குப் பயந்து "படியில் விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து இழப்பீட்டு வழக்குப் போடும்போது இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தூக்கிக் காட்டுவது அந்த வரியைத்தான். நடந்தது நடந்தபடி சொல்லுங்கள். வண்டி எண் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். அடிபட்டவர் மயக்கத்தில் இருந்தால் கூட வந்தவர் யூகித்துச் சொல்லக் கூடாது. ஏஆர் எண்ணை அன்றைக்கே குறித்து வையுங்கள்.

108 தம்பி, 8:26
தூக்குறது பத்தியும் சொல்லுதேன். கையை ஒருத்தர், காலை ஒருத்தர் பிடிச்சு ஆட்டோவுல மடக்கிப் போடுறதுதான் பெரிய தப்பு. கழுத்து எலும்பு நகந்துட்டா பிறகு கை கால் வராது. மூச்சு இருந்து, வண்டி தீப்பிடிக்கிற ஆபத்து இல்லேன்னா நாங்க வர்ற வரைக்கும் தலையை ரெண்டு கையாலயும் அசையாம பிடிச்சுக்கிட்டாப் போதும். ஹெல்மெட்டை இழுக்காதீங்க, ரெண்டு பேர் சேந்துதான் கழட்டணும். ரத்தம் பீய்ச்சினா சுத்தமான துணியை வச்சு விடாம அமுக்குங்க. நனைஞ்சா அதை எடுக்காம மேல இன்னொண்ணு வைங்க.

மாடி வீட்டு மதினி, 8:30
போகும்போது கையில என்னென்ன கொண்டு போகணும்?

மெடிக்கல் அண்ணாச்சி, 8:39
மாத்திரை அட்டை. வேற எது மறந்தாலும் இதை மறக்காதீங்க. "வெள்ளைக் கலர்ல சின்ன மாத்திரை"ன்னு சொன்னா யாரு கண்டுபிடிக்க முடியும்? பேரு தெரியுற மாதிரி அட்டையோட எடுத்துட்டுப் போங்க. வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையா இருந்தா சின்னத் தலை அடிக்குக்கூட சிடி எடுப்பாங்க. சுகருக்கு கிளிமிபிரைடு சாப்பிடுறவங்க மயங்கினா, குளுக்கோஸ் ஏத்தி எந்திரிச்சு உக்காந்த உடனே கூட்டிட்டு வந்துறாதீங்க. மாத்திரை உடம்புல ஒரு நாள் வேலை செய்யும், ராத்திரி மறுபடி இறங்கும். கிட்னி பலவீனமானவங்களுக்கு இன்னும் நீளும்.

நர்ஸ் அக்கா, 8:47
அண்ணாச்சி சொன்னது சரி. கூட ஆதாரும் காப்பீட்டு அட்டையும். மருந்து ஒவ்வாமை இருந்தா ஒரு தாளுல எழுதி. குழந்தை எதையாவது குடிச்சிருந்தா அந்தப் பாட்டில், டப்பா, காலியா இருந்தாலும் பரவாயில்ல. புளிக்கரைசல், சாணிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. மண்ணெண்ணெய்னா வாந்தியில நுரையீரலுக்குள்ள போயி அதுதான் ஆளைக் கொல்லும். எலி பேஸ்ட் வாயில பட்டிருந்தா முதல் ரெண்டு நாள் பிள்ளை நல்லா ஓடி விளையாடும், அதுக்கப்புறம் ஈரல் போயிரும். நல்லாத்தானே இருக்குன்னு வீட்டுக்குக் கேக்காதீங்க.

பட்டினியாக் கூட்டிட்டு வாங்க. காபி, இளநி எதுவும் வேண்டாம். மயக்க மருந்து கொடுக்கவோ குழாய் போடவோ வேண்டியிருந்தா வயித்துல உள்ளது மேல வந்துரும்.

இன்னொண்ணு, இதை மனசு விட்டுக் கேக்கேன். "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க"ன்னு கேக்காதீங்க. குளுக்கோஸ்னு நீங்க நினைக்கிற சாதா சலைன் 500 மில்லியில தண்ணியும் உப்பும்தான், தெம்பு கிடையாது. இதயம் பலவீனமானவங்களுக்கு அது நுரையீரல்ல கோத்துக்கிட்டு மூச்சுத் திணறும்.

டீச்சர், 8:51
மேல் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தா?

108 தம்பி, 8:57
அவசரத்துல தனியா வேன் பிடிச்சுப் போயிறாதீங்க டீச்சர். அங்க போயி படுக்கை இல்லேன்னு அலையணும். ஆஸ்பத்திரி வழியா 108 வந்தா அங்க பேசி உறுதி பண்ணிட்டுத்தான் ஏத்துவோம். கிளம்புறதுக்கு முன்னால நாலு கையில இருக்கான்னு பாருங்க: ரெஃபரல் சீட்டு, ஈசிஜி தாள், எக்ஸ்ரே அல்லது சிடி படம், போட்ட ஊசி மருந்து நேரத்தோட எழுதினது. கூட ரெண்டு பேர் போதும். ஒருத்தர் நோயாளி பக்கத்துல, ஒருத்தர் சீட்டுக்கும் பிளட் பேங்குக்கும்.

டீச்சர், 9:03
ரொம்ப நன்றி. இதை ஒரு பக்கமா எழுதி எல்லா வீட்டுக் கதவுக்குப் பின்னாலயும் ஒட்டலாம். நாளைக்குத் தட்டச்சு பண்ணிட்டு இங்க போடுதேன். அக்கா ஒரு தடவை பாத்துக் கொடுங்க.

நர்ஸ் அக்கா, 9:05
சரி டீச்சர். மாத்திரைப் பேரு எழுத ஒவ்வொரு வீட்டுக்கும் நாலு வரி வெத்து இடம் விடுங்க.

108 தம்பி, 9:08
அதுல இதையும் சேத்துக்கிடுங்க. கோயில் வளைவுக்குள்ள வண்டி திரும்பாது. 108-ஐக் கூப்பிட்ட போன்ல வேற யாருக்கும் பேசாம வச்சிருக்கணும், டிரைவர் அதே நம்பருக்குத்தான் அடிப்பாரு. பகல்னாலும் ராத்திரின்னாலும் பள்ளிக்கூட முக்குல டார்ச்சோட ஒரு ஆளை நிறுத்துங்க.