தாத்தா சொன்ன பாட்டுக்கு ரயிலில் கிடைத்த மெட்டு

என் அப்பா தமிழாசிரியர் இல்லை. திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். பள்ளிக்கூட உரைநூல்களுக்காக ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஸ்டிக்கில் தலைகீழாக அடுக்கி அடுக்கியே அவருக்குப் புறநானூற்றுப் பாட்டுகள் மனப்பாடம் ஆயின. 'ஒரு பாட்டைக் கோத்து முடிக்கறதுக்குள்ள அதோட எல்லா எழுத்தும் விரல்ல பட்டுடுது, அப்புறம் எப்படி மறக்கும்?' என்பார். புறநானூற்றை உ.வே.சா. 1894-ல் அச்சில் கொண்டுவந்தார் அல்லவா, அதைக் கோத்த கம்பாசிட்டருக்கும் இப்படித்தான் ஏறியிருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ஆஃப்செட் வந்து அச்சகம் மூடியபின் வேறு வேலைகள் பார்த்தார். பாட்டுகள் அவரிடமே தங்கிவிட்டன.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ராத்திரியில்தான் தண்ணீர் வரும். அப்பா அடிபம்பை அடித்துக்கொண்டே பாட்டுச் சொல்வார். குடத்தை நகர்த்துவது என் வேலை. பாண்டியன் அறிவுடை நம்பியின் 'குறுகுறு நடந்து, சிறுகை நீட்டி, இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்' என்ற வரிகள் அந்தப் பம்பின் தாளத்தோடுதான் எனக்குள் போயின. அப்பா அர்த்தம் சொல்ல மாட்டார். கேட்டால் சொல்வார், அதுவும் ஒரே வரியில். ஒப்பிக்கச் சொன்னதே கிடையாது. பல வருஷம் கழித்து, என் மகள் நெய்ச்சோற்றை அளைந்து அந்தக் கையை என் சட்டையில் தேய்த்தபோதுதான் அந்தப் பாட்டு முழுசாக என்னிடம் வந்து சேர்ந்தது. குழந்தை இல்லாதவர்களின் வாழ்நாளுக்கே பயனில்லை என்று அந்த அரசன் முடிப்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. அப்பாவும் ஏற்கவில்லை. ஆனால் அந்தச் சிறுகையை அவன் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை யாரால் மறுக்க முடியும்?

இப்போது மகளுக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் குரோம்பேட்டையிலிருந்து தாத்தா வீட்டுக்குப் போவோம். சாயங்காலம் தாத்தாவும் பேத்தியும் மெரினாவுக்கு நடந்து போய்விடுவார்கள். ஒரு பௌர்ணமியன்று நிலா கடலிலிருந்து எழும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே தாத்தா பாரி மகளிர் பாட்டைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்.

'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார்.'

மூவேந்தர் பறம்பு மலையை முற்றுகையிட்டு, பாரியும் இறந்துபோனபின் அவன் மகள்கள் பாடியது. மொத்தமே ஐந்து அடி. 'யாம் எந்தையும் இலமே' என்று முடிகிறது. அதாவது, எங்களுக்கு இப்போது அப்பாவும் இல்லை. வீட்டுக்கு வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டு அவள் அதைச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இந்த வயதுக் குழந்தைக்கு இந்தப் பாட்டு எதற்கு என்று அப்பாவிடம் கேட்டேன்.

'அவளுக்கு இப்ப நிலா மட்டும்தான் தெரியும்டா. மத்ததெல்லாம் வரவேண்டிய நேரத்துல வரும். அப்போ கையில பாட்டு இருக்கணும், அவ்வளவுதான்' என்றார்.

எனக்கும் இப்போது அதே எண்ணம்தான். குழந்தைக்கு எளிதானது என்று நாமே வடிகட்டி வடிகட்டி, சத்தம் மட்டும் உள்ள பாட்டுகளைக் கொடுக்கிறோம். கனமானதைச் சின்ன வயதில் காதில் போட்டுவைக்க ஒரு பெரியவர் வீட்டில் இருந்தால் அது பெரிய கொடுப்பினை.

சரி, ரயிலுக்கு வருகிறேன். அப்படி ஒரு ஞாயிறு திரும்பும்போது பார்க் ஸ்டேஷனில் ஏறினோம். கிழக்குப் பக்க ஜன்னல் கிடைத்தது. பரங்கிமலை தாண்டியதும் நிலா தெரிய ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கல் வெட்டி எடுத்த காயம் இன்னும் தெரியும் திரிசூலம் குன்று. நிலாவையும் மலையையும் ஒன்றாகப் பார்த்ததும் அவளாகவே பாட்டை ஆரம்பித்தாள். மூன்றாவது அடியோடு நின்று யோசித்தாள். எதிர் சீட்டிலிருந்து ஒரு பெரியவர், எண்பது வயதிருக்கும், 'வென்று எறி முரசின் வேந்தர் எம் குன்றும் கொண்டார்' என்று எடுத்துக் கொடுத்தார். சொல்லவில்லை, பாடினார்! குரல் நடுங்கியது, சுருதி நடுங்கவில்லை.

'யாரு கண்ணு சொல்லிக் குடுத்தது?'

'தாத்தா.'

'எனக்கு எங்கப்பா' என்றார். அவருடைய அப்பா கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராம். செய்யுள் எதுவானாலும் ராகம் போட்டுத்தான் வகுப்பில் சொல்வாராம். அவரும் குரோம்பேட்டையில்தான் இறங்கினார். பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து அடியையும் அந்த மெட்டிலேயே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். 'குன்றும் கொண்டார்' என்பதில் மேலே ஏறி, 'யாம்' என்ற இடத்தில் சட்டென்று நிறுத்தி, கொஞ்சம் விட்டு, 'எந்தையும் இலமே' என்று கீழே இறக்கினார். 'இந்த எடத்துல அவசரப்படாத பாப்பா. அவங்களுக்கு அதைச் சொல்ல மனசு வரல, அதான் நிறுத்தறாங்க' என்றார்.

தலைமுறைக்கு ஒரு முறை இப்படி ஒருவர் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தாலே போதும் என்று தோன்றியது. 'ஐயா, வீட்டுக்கு வாங்க' என்று கூப்பிட்டேன். 'இன்னொரு நாள் பாக்கலாம் தம்பி' என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார்.

அடுத்த ஞாயிறு அவள் தாத்தாவுக்குப் பாடிக் காட்டினாள். அப்பா ராகம் போட்டுப் பாடுகிறவர் இல்லை, வசனம் போல நிதானமாகச் சொல்வார். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு இன்னொரு தடவை பாடச் சொன்னார். 'யாம்'-இல் அவள் நிறுத்தியபோது தலையை ஆட்டினார். 'நான் இத்தனை வருஷமா அங்க நிறுத்தாம போயிட்டேனே. அந்த மனுஷன் நல்லா கேட்டு வாங்கியிருக்கார் அவங்கப்பாகிட்ட' என்றார்.

அப்புறம் அவள் ஒரு கேள்வி கேட்டாள். 'தாத்தா, அந்த அக்காங்களுக்குப் பாட்டுக் கட்ட யாரு சொல்லிக் குடுத்தது? அவங்கப்பாவா?'

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். 'கபிலர் பாரிக்கு உயிர் நண்பர். அந்த வீட்டுல எப்பவும் பாட்டுப் பேச்சாத்தான் இருந்திருக்கும். பொண்ணுங்க காதுல விழாமலா இருந்திருக்கும்?' என்றார். அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு பறம்பை விட்டுப் போகும்போது கபிலர் அந்த மலையிடம் விடைபெற்றுப் பாடியது, புறநானூற்றில் இதற்கு அடுத்த பாட்டு, 113. இப்போது அதை ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்கு அது பாடம் இல்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்கிறேன்.