பொந்துக்குள் சிமென்ட் வைத்த மரம்: உங்கள் வீட்டிலும் நடந்ததா?

மன்னார்குடி வேம்பு:
எங்கள் வாசல் வேம்பில் பொந்து விழுந்தது மின்கம்பிக்காக ஒரு பெரிய கிளையைத் தண்டோடு ஒட்ட வெட்டிய இடத்தில். இரண்டு மூன்று மழைக்காலத்தில் கை முழுசாக உள்ளே போகும் அளவுக்கு உளுத்துவிட்டது. அப்பா கொத்தனாரைக் கூப்பிட்டு, உளியால் நன்றாகச் சுரண்டி, ஜல்லி போட்டு சிமென்ட் பூசினார். பட்டை அதன் விளிம்பில் உருண்டு வளர்ந்தது, நாங்களும் காயம் ஆறிவிட்டது என்று நம்பினோம்.

கஜா புயல் அடித்த ராத்திரி, 2018 நவம்பர் 16. விடிந்து கதவைத் திறந்தால் மரம் தெருவில் குறுக்கே கிடக்கிறது. முறிந்த அடிமரத்தில் அந்த சிமென்ட் கட்டி மட்டும் அப்படியே நிற்கிறது. மரத்துக்கும் அதற்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. உள்ளே கையை விட்டால் ஊறவைத்த தவிடு மாதிரி பிசுபிசுவென்று வந்தது. அப்பா அதை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் கேட்டார்: "நான்தான் அதைக் கொன்னுட்டேனாடா?" இன்றுவரை என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

புளியந்தோப்பு வீட்டுக்காரி:
எங்கள் ஊர்ச் சாலைப் புளியில் இருந்த பொந்தில் பொந்துத்தேன் கட்டியிருந்தது. தேன் எடுக்க வந்த பையன்கள் புகை போட்டுவிட்டு நெருப்பை அணைக்காமல் போய்விட்டார்கள். மறுநாள் மதியம் பார்த்தால் மேலே கிளை முறிந்த ஓட்டையிலிருந்து புகை, அடுப்புக் குழாய் மாதிரி. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். கீழே ஊற்றினால் மேலே எரிகிறது. உள்ளே தணல் ‘உம்’மென்று இரைந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வெளியே இலையெல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் விழுந்தது. தயவுசெய்து பொந்துள்ள மரத்தடியில் குப்பையைக் கொளுத்தாதீர்கள்.

வர்தா பார்த்தவன்:
அக்கா, வருத்தம் புரிகிறது. ஆனால் கோறையான, அதாவது உள்ளே உளுத்துக் கூடான மரத்தை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்றுதான் எனக்குக் கேள்வி. 2016 டிசம்பரில் வர்தா புயலில் எங்கள் தெரு தூங்குமூஞ்சி மரம் பக்கத்து வீட்டு ஆட்டோ மேல் விழுந்தது. நல்லவேளை உள்ளே ஆள் இல்லை. அதற்கு முந்தின மழையிலேயே அடியில் தட்டுத் தட்டாகக் காளான் வந்திருந்தது, எல்லோரும் பார்த்தோம். அதனால் சொல்கிறேன்: காளான் எங்கே வருகிறது என்று பாருங்கள். அடியிலோ வேரிலோ என்றால் வெட்ட யோசிக்காதீர்கள். கட்டைச் சுத்தியலால் தண்டைச் சுற்றித் தட்டுங்கள், ‘டொம்’ என்ற இடத்தில் சுண்ணாம்பால் குறி போடுங்கள். மரம் புதிதாகச் சாய்ந்திருக்கிறதா, ஒரு பக்கம் மண் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுப் பக்கமோ சாலைப் பக்கமோ சாய்ந்தால் வெட்டிவிடுங்கள். உயிரை விட நிழல் பெரிதில்லை.

தோட்டக்கலைக்காரர்:
காளான் விஷயத்தில் தம்பி சொல்வது சரி. ஆனால் கோறை என்றாலே வெட்டு என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நடுவில் இருக்கும் வைரம் உயிரில்லாத பகுதிதான், நீர் ஏறுவது வெளிப்பக்கத்து வெள்ளை மரத்தில். கொல்கத்தா தாவரவியல் தோட்டத்துப் பெரிய ஆலமரத்தின் நடுத்தண்டைப் பூஞ்சை தின்று 1925-இல் வெட்டி எடுத்தார்கள், மரம் விழுதுகளில் நிற்கிறது. வேம்புக்கு விழுது கிடையாது, அதனால் அளந்து பார்க்க வேண்டும். நாங்கள் வைத்துக்கொள்ளும் தோராயக் கணக்கு: சுற்றிலும் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது நல்ல மரம் இருக்க வேண்டும். குறுக்களவு 60 செ.மீ. என்றால் 10 செ.மீ. பொந்து வெளியே திறந்திருந்தால் இன்னும் கூடுதலாக. குறைந்தால் உச்சிப் பளுவைக் கொஞ்சம் குறைக்கலாம், மொட்டையடிக்கக் கூடாது.

மன்னார்குடிக்காரருக்கு: அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்துச் சொன்னது, மரம் புண்ணை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி அடைக்கிறது. உளி நல்ல மரம் வரை போயிருந்தால் அந்தச் சுவர் உடைந்திருக்கும். நீர் வடிய ஓட்டை போட்டாலும் அப்படித்தான். காற்றில் மரம் வளையும், சிமென்ட் வளையாது. இடைவெளி விழும், ஈரம் தங்கும். ஆனால் அந்தக் காலத்தில் எல்லோரும் சிமென்ட்தான் வைத்தார்கள். உளுப்பு தொடங்கியது கிளையை ஒட்ட வெட்டிய அன்றைக்கு. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

மன்னார்குடி வேம்பு:
படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் வாசலுக்குக் கூட்டிப்போனார். பழைய மரத்தின் வேரிலிருந்து நாலடி தள்ளி முளைத்த கன்று இப்போது மாடி உயரம், ஒரு கிளை மின்கம்பிப் பக்கம் போகிறது. "இதை எங்க வெட்டணும்னு கேளு" என்கிறார்.

தோட்டக்கலைக்காரர்:
கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அதைத் தொடாமல், அதற்கு வெளியே. முதலில் ஓரடி தள்ளி அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துக்கொண்டால் பட்டை உரியாது. கம்பிக்கு அருகில் நீங்களே ஏறாதீர்கள், மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகு செய்யச் சொல்லுங்கள். கிளை கட்டைவிரல் பருமனில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.